சம்பந்தி பெயருக்கு நான் அர்த்தம் தேடிய கதை

அடுத்தவர்களுடைய குடும்பப் பெயருக்கு அர்த்தம் சொல்லும் வியாதி ஒன்று எனக்கு இருந்தது. இப்போது இல்லை. என் மனைவி இதை நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

வியாதிக்குக் காரணம் எரிச்சல்தான். என் பெயர் தட்சிணாமூர்த்தி. மெல்போர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே 'டாக்ஸ்' ஆக்கிவிட்டார்கள். சுருக்கியதோடு விட்டார்களா என்றால் இல்லை. காபி மெஷின் பக்கத்தில் யாராவது ஒருவர் மடக்கி, "உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்பார். சிவன், தெற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், பேசாமலே பாடம் நடத்துகிறார் என்று நான் நின்றுகொண்டே பாடம் நடத்த வேண்டும். "வாவ், பியூட்டிஃபுல்" என்று சொல்லிவிட்டு, காபியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்த வாரம் இன்னொருவர். சரி, உன் பெயர் கூப்பர், அதற்கு என்னப்பா அர்த்தம் என்று திருப்பிக் கேட்டால், "அது சும்மா பெயர்" என்பார்கள். நமக்கு மட்டும் அர்த்தம் வேண்டுமாம், அவர்களுடையது சும்மாவாம்.

அந்தக் கடுப்பில் படிக்க ஆரம்பித்தேன். கூப்பர் என்றால் பீப்பாய் செய்கிறவர். ஸ்மித், ஷ்மிட், கோவால்ஸ்கி மூன்று பேரும் மூன்று தேசத்துக் கொல்லர்கள். பாபடோபுலோஸ், சாமியாரின் மகன் (கிரேக்கப் பாதிரிமார் கல்யாணம் செய்துகொள்ளலாம், கவலை வேண்டாம்). நோவாக் என்றால் ஊருக்குப் புதிதாக வந்தவர். கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லோருக்கும் சொன்னேன். என் மேனேஜர் கேம்பலிடம், உங்கள் பெயருக்குக் கோணவாயன் என்று அர்த்தம் என்று ஒரு மீட்டிங் நடுவில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வாயைச் சரிபார்த்திருக்கலாம். அந்த வருடம் பதவி உயர்வு கூப்பருக்குப் போனது.

இத்தனைக்கும் எனக்கென்று ஒரு குடும்பப் பெயர் கிடையாது. சர்நேம் என்று கேட்ட இடத்தில் எல்லாம் அப்பா பெயரைப் போட்டு, மிஸ்டர் அருணாசலம் ஆனேன். கும்பகோணத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் என் அப்பாதான் இங்கே வரி கட்டுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். என் மகள் மதுராவுக்கு என் பெயர்தான் சர்நேம். எங்கள் வீட்டில் ஒரு பெயர் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது. இது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் மதுரா எங்களை உட்காரவைத்து, ஒரு பையனை விரும்புவதாகச் சொன்னாள். பெயர் லூகா எஸ்போசிட்டோ. என்ன வேலை, எப்படிப்பட்ட பையன் என்று எந்தத் தகப்பனுக்கும் வரும் கேள்வி எனக்கு வரவில்லை.

"எஸ்போசிட்டோவா? இத்தாலியன் எனக்குக் கொஞ்சம் வீக்கும்மா" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் மதுரா.

"உங்களுக்கு விசர்" என்றாள் என் மனைவி சுகந்தி. அவள் யாழ்ப்பாணம், விசர் என்றால் அங்கே பைத்தியம். எங்கள் கல்யாணமே இரண்டு ஊர் சேர்ந்தது என்பதால் மூன்றாவது ஊர் வருவதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. பையனும் நல்ல பையன். அவன் அப்பா ரோக்கோ காங்கிரீட் தொழில் செய்கிறவர். நாங்கள் குடியிருக்கும் ரோவில் பகுதியில் பாதி வீடுகளின் டிரைவ்வே அவர் போட்டதுதான். ஒரு ஓட்டலில் சந்தித்து, சாப்பிட்டு, எங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தம் என்று முடிவு செய்தோம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் அத்தோடு சுபம்.

ஐயருக்கு ஃபோன் செய்தேன். "மாப்பிள்ளை பகுதியில தேப்பன், பேரன், பூட்டன் மூண்டு பேரின்ரை பேரையும் சபையில வாசிக்க வேணும்" என்றார். (யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா, பூட்டன் அவருக்கும் அப்பா. இதைப் பழக எனக்குப் பல வருடம் பிடித்தது.) "கோத்திரம் தெரியாட்டிக்குச் சிவகோத்திரம் எண்டு போடுவம். அது பிரச்சினை இல்லை."

எனக்குப் பிரச்சினை இருந்தது. ஐரோப்பியக் குடும்பப் பெயர்களில் கரைகண்டவன் வீட்டு நிச்சயத்தில், மாப்பிள்ளையின் வம்சத்தைப் பொத்தாம்பொதுவாகச் சொல்வதா? எஸ்போசிட்டோ என்பதன் அர்த்தத்தைக் கண்டுபிடித்து, சபையில் நாலு வரி பெருமையாகச் சொல்லிவிட்டு உட்காரலாம் என்று மறுநாள் காலை டீயோடு தேட உட்கார்ந்தேன். டீ ஆறிவிட்டது.

நேப்பிள்ஸ் நகரத்து அநாதை இல்லத்துச் சுவரில், சுழலும் மரப்பெட்டி ஒன்று இருந்ததாம். வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றிவிட்டால், உள்ளே இருக்கும் கன்னிகாஸ்திரீகள் எடுத்துக்கொள்வார்களாம். அப்படி வந்த பிள்ளைகளுக்கு வைத்த பெயர்தான் எஸ்போசிட்டோ. வெளியே வைக்கப்பட்டவன். தாய் யார், தகப்பன் யார், தெரியாது.

பெற்றவர் யாரென்று தெரியாத ஒருவரிலிருந்து வந்த குடும்பத்திடம் போய், மூன்று தலைமுறைப் பெயரைக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? ரோக்கோவுக்கு இந்த அர்த்தம் தெரியுமோ தெரியாதோ. கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவு. அடுத்ததாக நேராகக் குசினிக்குப் போய் சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன் பாருங்கள், அதுதான் தப்பு.

"ஆறேழு தலைமுறைக்கு முந்தி யாரோ ஒரு குழந்தை. யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன்.

"நான் ஏன் சொல்லுறன்" என்றாள். சத்தியமாக அவள் யாரிடமும் சொல்லவில்லை, தன் அக்காவைத் தவிர. வசந்தி அக்கா அப்போது ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். மீனை வெட்டச் சொல்லிவிட்டு மூன்று பேருக்கு ஃபோன் போட்டார். ஒவ்வொரு ஃபோனிலும் ஒரு தலைமுறை கழன்று விழுந்தது. அது வசந்தி அக்காவிடமே திரும்பி வந்தபோது, பெட்டியில் வைத்துவிட்டுப் போன குழந்தை ரோக்கோவேதான். அக்காவும் அதை முதல்முறை கேட்பதுபோல் கேட்டு அழுதிருக்கிறார்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நிச்சயதார்த்த ஞாயிற்றுக்கிழமை ரோக்கோ மட்டும் முன்னாடியே வந்தார். பின்பக்கம் கூடாரம் கட்ட உதவுவதற்காகக் கையில் சுத்தியலோடு வந்தவரை, வசந்தி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். சுத்தியலை வாங்கி வைத்துவிட்டு, கையைப் பிடித்து அழைத்துவந்து, கதிரையில் உட்காரவைத்தார்.

"இனி நாங்கள் எல்லாரும் இருக்கிறம்" என்றார் ஆங்கிலத்தில், கண்களைத் துடைத்தபடி.

"தேங்க்யூ" என்றார் ரோக்கோ. பாவம், வேறென்ன சொல்வார்?

ஒரு அன்ரி வடை கொண்டுவந்தார். இன்னொரு அன்ரி அதன்மேல் இன்னும் இரண்டு வடை வைத்தார். "சின்னனில சாப்பாட்டுக்கு என்ன செய்தவரோ" என்று மூன்றாவது அன்ரி விம்மினார். ரோக்கோ ஏறக்குறைய நூறு கிலோ இருப்பார். ஒரு அங்கிள் அவர் தோளில் கைபோட்டு, "டிஎன்ஏ டெஸ்ட் செய்து பாத்தனீங்களோ? இப்ப சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கலாம்" என்றார். ரோக்கோ என்னைப் பார்த்தார். நான் கூடாரத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். விஷயம் மெல்ல மெல்ல எனக்கு விளங்க ஆரம்பித்தது. ஓடிவிடலாம் என்றால் கம்பியை விட்டால் கூடாரம் விழும்.

அப்போது வாசலில் வரிசையாகக் கார்கள் வந்து நின்றன. ரோக்கோவின் மனைவி, மாப்பிள்ளை லூகா, பிறகு ரோக்கோவின் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று எட்டுப் பேர், அவர்களுடைய குடும்பங்கள். எல்லோருக்கும் ஒரே மூக்கு. கடைசியாக, கைத்தடியும் கைப்பையுமாக ஒரு அம்மா இறங்கினார்.

"இவா ஆர், தம்பி?" என்று என்னிடம் கேட்டார் வசந்தி அக்கா.

"ரோக்கோவோட அம்மா."

"வளத்த அம்மாவோ?"

"பெத்த அம்மாக்கா."

நியாயமான எந்த மனுஷியும் இந்த இடத்தில் நாம் எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று யோசிப்பார். வசந்தி அக்கா அப்படி யோசிக்கவில்லை. காணாமல் போன தாயைக் கண்டுபிடித்து இன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் சேர்த்துவைக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். "ஐயோ முருகா" என்று ஓடிப்போய் அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்தார். எல்லா அன்ரிமாரும் அழுதார்கள். பிறகு வசந்தி அக்கா அந்த அம்மாவின் முகத்தைத் தன் இரண்டு கையிலும் ஏந்தி, தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஏன் அவரை விட்டிட்டுப் போனீங்கள்?"

அந்த அம்மா கைத்தடியை ஊன்றி நிமிர்ந்தார்.

"யாரை விட்டுவிட்டுப் போனேன்?" என்றார் ரோக்கோவின் அம்மா.

மதுரா மல்லிகைப் பூவும் பட்டுப்புடவையுமாக உள்ளேயிருந்து வந்தாள். ஒரே பார்வையில் அவளுக்கு யார் வேலை என்று தெரிந்துவிட்டது. "அப்பா, நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள்.

சொன்னேன். பெயர், பெட்டி, கன்னிகாஸ்திரீகள் எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொன்னேன். பேசப் பேச ரோக்கோவின் முகம் இறுகிக்கொண்டே போனது. அவர் அம்மா உட்காரவில்லை. கைப்பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார்.

"எங்கள் பெயருக்கு அர்த்தம் நேப்பிள்ஸில் எல்லாருக்கும் தெரியும். நீ தேடியிருக்கவே வேண்டாம்" என்றார். "நான் பிறந்தது வேறு குடும்பம். கல்யாணம் செய்து இந்தப் பெயருக்கு வந்தவள். யார் பெற்ற பிள்ளை என்று தெரியாத வீட்டுக்குப் பெண் கொடுப்பதா என்று என் அப்பா என் கல்யாணத்துக்கே வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து, இவ்வளவு தூரம் வந்த பிறகும் இதைத்தான் கேட்கிறீர்களா?"

என் மகள் லூகாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது. ஒரு அற்ப ஆர்வத்துக்காக அவள் கல்யாணத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தபோது எனக்கும் அழுகை வந்தது. என் மேலேயே இவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"வேண்டாம்னு சொல்லத் தேடலைம்மா. ஐயர் மூணு தலைமுறைப் பெயர் கேட்டார்" என்றேன்.

பூசைச் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்த ஐயரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் பஞ்சபாத்திரத்தைப் பார்த்தபடி, "நான் சிவகோத்திரம் எண்டு சொல்லி முடிப்பம் எண்டனான். இவர்தான் விடேல்லை" என்றார். மனுஷன் ஒரு நொடி யோசிக்கவில்லை.

"மூன்று பெயர்தானா?" என்றார் ரோக்கோ. "அதை என்னிடம் கேட்க என்ன கஷ்டம்?"

அவர் அம்மா நின்றபடியே விரலை மடக்கினார். "இவன் லூகா. அப்பன் ரோக்கோ. அவன் அப்பன் லூகா. அவன் அப்பன் ரோக்கோ. தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைப்போம்." ரோக்கோவும் லூகாவுமாக மாறி மாறி விரல்கள் மடங்கின. "கடைசியில் முதல் லூகா. பெட்டியிலிருந்து வந்தவர். கன்னிகாஸ்திரீகள் வைத்த பெயர். அதற்கு அந்தப் பக்கம் கடவுளுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் ஒருவரையும் நாங்கள் தொலைக்கவில்லை."

ஐயருக்கு மகா சந்தோஷம். "எனக்கு மூண்டு காணும் அம்மா" என்றார் (காணும் என்றால் போதும்). பிறகு என் பக்கம் திரும்பினார். "சரி, பொம்பிளை பகுதி?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "தட்சிணாமூர்த்தி. என் அப்பா அருணாசலம். அவர் அப்பா சிதம்பரம்."

"மதுராவுக்குப் பூட்டன் வரைக்கும் வந்திட்டுது. உங்களுக்குப் பூட்டன் ஆர்? வம்சம் வம்சம் எண்டு நிண்டனீங்கள், அதையும் சொல்லுங்கோவன்" என்றாள் சுகந்தி. அவளுக்கு அன்று என்மேல் இருந்த கோபத்துக்கு இதுகூடக் கேட்கவில்லை என்றால்தான் ஆச்சரியம்.

எனக்குத் தெரியவில்லை. எவ்வளவோ யோசித்தும் வரவில்லை. கூப்பரின் முன்னோர் செய்த பீப்பாய்வரைக்கும் தெரிந்தவனுக்குத் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியாது. மதுரா கும்பகோணத்துக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எங்க தாத்தா பேரா?" என்றார் அப்பா. "தாத்தான்னுதான் கூப்பிடுவோம்."

"கூப்பிட வேண்டாம்ப்பா. பேர் தெரியுமா?"

"பெரியவங்களைப் பேர் சொல்றது நம்ம வீட்ல என்னிக்காவது உண்டா? எங்கப்பா எங்கிட்ட சொன்னதே இல்ல. சொன்னா எங்கயாவது கூப்பிட்டுத் தொலைச்சிருவேன்னு நினைச்சாரோ என்னவோ."

லூகா அதை மொழிபெயர்த்தான் (மதுரா சொல்லிக்கொடுத்த தமிழ்). முதலில் சிரித்தது ரோக்கோதான். வயிறு குலுங்கச் சிரித்தார். எட்டு உடன்பிறப்புகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர் அம்மா மட்டும் சிரிக்காமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பையைக் கழற்றிக் கதிரையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வசந்தி அக்காவின் இரக்கம் வீணாகவில்லை. ரோக்கோவின் முன்னால் இருந்த வடைத் தட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். "பாவம், பூட்டன்ரை பேர் தெரியாத பிள்ளை. சாப்பிடுங்கோ தம்பி."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. "எங்களிடம் நிறைய ரோக்கோ இருக்கிறார்கள், ஒன்றை வைத்துக்கொள்" என்று, பெயர் தெரியாத என் கொள்ளுத்தாத்தாவுக்காகச் சம்பந்தி தாராளமாகச் சொல்லியிருந்தார். இன்றுவரை இரண்டு குடும்பத்து விருந்திலும் முதல் தட்டு எனக்குத்தான் வரும். அதைக் கொண்டுவருவதும் ரோக்கோதான். "அநாதைக்கு முதலில்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார், என் அலுவலகத்து ஆட்கள் இருந்தாலும்.

இப்போது மதுராவுக்கு ஒரு மகன். பெயர் ரோக்கோ என்று நான் சொல்லவே வேண்டாம். எங்கள் பக்கம் இன்னொரு பெயர் தொலையக் கூடாது என்பதால், அவன் என்னைத் தாத்தா என்று கூப்பிடக் கூடாது என்று மதுரா சட்டம் போட்டிருக்கிறாள். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அதுவும் முழுப் பெயர். கும்பகோணத்தில் என் அப்பாவுக்கு இதைக் கேட்டதிலிருந்து கோபம். வீட்டில் எல்லோரும் சேர்ந்து பையனுக்குத் தினமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவனும் பாவம், முயற்சி செய்கிறான். நாக்கு இன்னும் புரளவில்லை. போன வாரம் ஸ்பிரிங்வேல் சந்தையில் என் தோளில் உட்கார்ந்துகொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"டாக்ஸ்."