மனேஜருக்குப் பொருத்தம் பார்த்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் இருபத்தேழாவது வயதில், எனக்கே உருப்படியான வேலை இல்லாத காலத்தில், நான் இன்னொருவருக்கு வேலை வாங்கிக் கொடுக்கப் படாத பாடு பட்டேன். அவர் என்னிடம் உதவி கேட்கவில்லை. அவருக்கு என்னைத் தெரியவே தெரியாது. வேலை கொடுக்க வேண்டியவர்களும் என் அபிப்பிராயத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. அந்த ஒரு வேலையை மட்டும்தான் நான் அந்தக் காலத்தில் முழுமனதோடு செய்தேன்.

அது எங்கள் உதைபந்தாட்டக் கிளப்பின் மனேஜர் பதவி. (கிளப்பின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது பட்ட அவமானம் அதற்குப் போதும்.) தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டன் லூயிஷாமில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். பெற்றோல் செட்டில் வேலை செய்த குணம் அண்ணை, கவுன்சில் அலுவலகத்தில் கோப்பு அடுக்கிய சிறி, கணக்கியல் பரீட்சையை மூன்றாம் முறையாக எழுதக் காத்திருந்த நான். எங்களுக்குப் பொதுவாக இருந்தவை ஒரு குளியலறையும் அந்தக் கிளப்பும்தான். இரண்டையும் பற்றி ஒவ்வொரு நாளும் சண்டை நடக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றதும் இருந்த மனேஜரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தவர் என்று பத்திரிகைகளில் இரண்டு பேர் அடிபட்டார்கள். ஒருவர் எங்கள் கிளப்பிலேயே நெடுங்காலம் விளையாடிய பழைய கோல் கீப்பர். மற்றவர் ஐம்பத்திரண்டு வயது ஸ்கொட்லாந்துக்காரர். வழுக்கைத் தலை, கணுக்கால் வரை ஓவர்கோட். எந்தக் கிளப்புக்குப் போனாலும் முதல் நாளே எல்லாரையும் ஏசி முடித்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார் என்று கேள்வி. சிறி கோல் கீப்பரின் கட்சி. நான் ஸ்கொட்லாந்துக்காரரின் கட்சி.

"கோல் கீப்பர் எண்டவன் பின்னாலை நிண்டு முழு ஆட்டத்தையும் பார்த்தவன். அவனுக்குத் தெரியாதது ஒண்டுமில்லை" என்பான் சிறி.

"பின்னாலை நிண்டவனுக்கு எல்லாற்றை முதுகும்தான் தெரியும். எங்கடை ஆக்களுக்குத் தேவை நல்ல ஏச்சு" என்பேன் நான்.

"ஏசினால் ஆக்கள் திருந்துவினமோ? உன்னை உன்ரை பெரியம்மா ஏசாத ஏச்சோ? நீ சோதினை பாஸ் பண்ணினனியோ?"

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. பால் வாங்க வேண்டும் என்பதைக்கூடக் குணம் அண்ணை மூலமாகத்தான் சொல்லி அனுப்பினோம்.

குணம் அண்ணை எந்தக் கட்சியும் இல்லை. எங்கள் மூவரில் மூத்தவர் என்பதால் நீதிபதி. ஊரில் தன் மாமனிடம் சோதிடம் பாதி படித்தவர். மற்றப் பாதியைப் படிப்பதற்குள் நாட்டை விட்டு வரவேண்டியதாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார்.

"ஏன்ரா அடிபடுறியள்? ரெண்டு பேற்றை சாதகத்தையும் பார்த்தால் அலுவல் முடிஞ்சுது."

சாதகம் கணிக்கப் பிறந்த நேரம் வேண்டும். கோல் கீப்பரின் நேரம் எங்கும் கிடைக்கவில்லை. ஸ்கொட்லாந்துக்காரரின் தாயார் மட்டும் ஒரு பத்திரிகைப் பேட்டியில், பால்காரன் கதவடியில் போத்தல் வைத்த சத்தமும் மகன் பிறந்து அழுத சத்தமும் ஒன்றாகக் கேட்டன என்று சொல்லியிருந்தார். ஸ்கொட்லாந்தில் பால்காரன் எத்தனை மணிக்கு வருவான் என்று அரை மணித்தியாலம் விவாதித்து, ஐந்தேகால் என்று முடிவு செய்தோம். குணம் அண்ணை தன் தடித்த பழைய பஞ்சாங்கத்தை எடுத்தார். (அது யாழ்ப்பாணத்துச் சூரிய உதயத்துக்குக் கணித்த பஞ்சாங்கம். ஸ்கொட்லாந்துச் சூரியன் மன்னிக்க வேண்டும்.)

அவர் கணிக்க, நான் எழுதினேன். எனக்கு முத்து முத்தான கையெழுத்து. நான் தோற்ற பரீட்சைத் தாள்கள்கூடப் பார்க்க வடிவாக இருந்திருக்கும். பிள்ளையார் சுழி போட்டு, கட்டம் கீறி, தமிழ் வருடமும் மாதமும் நட்சத்திரமும் எழுதினேன். வெள்ளைக்காரன் பெயரைப் பிள்ளையார் சுழிக்குக் கீழே எழுதினால் பிள்ளையாருக்கு என்ன மாதிரி இருக்கும் என்று குணம் அண்ணை யோசித்ததால், பெயரை மட்டும் விட்டுவிட்டு 'சாதகர்' என்று எழுதினேன். நாலு மூலையிலும் மஞ்சள் பூச வேண்டும் என்றார். "சாதகம் எண்டால் சாதகம்தான்ரா" என்றார். மஞ்சளும் பூசினேன்.

மஞ்சள் காய்வதற்குள் வெஸ்ட் ஈலிங்கிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் வந்தார்.

"குட்மேய்ஸிலை இருக்கிற தில்லையம்பலத்தாற்றை மகளுக்கு உன்னைக் கேட்டிருக்கிறன். உன்ரை சாதகக் குறிப்பைப் பார்த்து எழுதி நாளைக்குத் தபாலிலை நேரை அவைக்குப் போடு. பேரை எழுதிப் போடாதை. சரிவராட்டி நாலு பேற்றை கையிலை உன்ரை பேரோடை திரியும்."

தில்லையம்பலத்தாரின் மகள் வதனியை நான் ஒரு கலியாண வீட்டில் பார்த்திருந்தேன். "உங்கடை ஷேர்ட்டிலை சாம்பார் ஊத்தியிருக்கு" என்று அவள் என்னிடம் ஒரே ஒரு வசனம் பேசியிருந்தாள். அன்றிலிருந்து நான் அந்த ஷேர்ட்டைத் தோய்க்கவில்லை. ஏற்கெனவே இரண்டு இடத்தில் என் பரீட்சை முடிவைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் தவறிப்போகுமோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

அன்று பின்னேரமே அதே தாளில், அதே பேனையால், அதே மஞ்சளோடு என் குறிப்பையும் எழுதி முடித்தேன். மறுநாள் காலை உறையும் முத்திரையும் தயாராக மேசைக்கு வந்தபோது வானொலியில், எங்கள் கிளப் இன்னும் சில நிமிடத்தில் முக்கிய அறிவித்தல் தரப்போகிறது என்றார்கள். சிறி அறையிலிருந்து கத்தினான். நான் ஒரு காதை வானொலியிடம் கொடுத்துவிட்டு, ஒரு தாளை உறைக்குள் வைத்து ஒட்டினேன். மற்றதைக் காந்தம் வைத்துப் பிரிட்ஜ் கதவில் மாட்டினேன். அறிவித்தல், புதிய நுழைவாயில் கட்டுவது பற்றியது.

அடுத்த சில நாள் குணம் அண்ணை பிரிட்ஜின் முன்னால் நின்று மனேஜரின் பலன் படித்தார்.

"இந்த ஆள் சரிவராதுபோலை கிடக்கு. படிப்பிலை தடை. வாய் திறந்து ஒருத்தரையும் ஏசமாட்டான். பொம்பிளையள் சொல்லுறதுக்கெல்லாம் தலையாட்டுவான். நான் கணிக்கேக்கை இப்பிடித் தெரியேல்லையே" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சிறிக்குக் கொண்டாட்டம். "கடைசியிலை ஒரு சோத்துமாடனையே நீ மனேஜராக்கப் பார்த்தனி?" என்று துள்ளினான். நானோ, சாதகருக்காக மூச்சு வாங்க வாதாடினேன். அவ்வளவு உணர்ச்சியோடு எனக்காக நான் வாதாடியது அதுவே முதலும் கடைசியும். அது எனக்காக என்பது மட்டும் அப்போது தெரியாது.

பத்து நாள் கழித்துப் பெரியம்மா அழுகிற குரலில் அழைத்தார். ஆனந்தக் கண்ணீர்.

"பத்துக்கு ஒன்பது பொருத்தமடா! தில்லையம்பலத்தார் நட்சத்திரத்தையும் ராசியையும் போனிலை வாசிக்கச் சாத்திரியார் அப்பிடியே மலைச்சுப் போனாராம். வாற ஞாயிறு எங்களை வரட்டாம். சாத்திரியாரும் நேரை வந்து முழுக் குறிப்பும் பார்ப்பாராம்."

சிறியின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அதன் கை என் முழங்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. குட்மேய்ஸ் வீட்டுக் கதவைத் திறந்ததும் என் நெஞ்சு குளிர்ந்தது. கோட்டு மாட்டும் இடத்தில் எங்கள் கிளப்பின் சால்வை தொங்கியது! தில்லையம்பலத்தார் லண்டனுக்கு வந்த புதிதில் லூயிஷாமில் இருந்தவராம். கடவுள் என் பக்கம்தான் என்று நினைத்தேன்.

சோபாவில் நானும் பெரியம்மாவும். எதிரே தில்லையம்பலத்தாரும் சாத்திரியாரும். நடுவில் வடை, முறுக்கு, லட்டு. சாத்திரியார் தாளை விரித்தார்.

"நல்ல சாதகம். கீழை பத்துப் பதினைஞ்சு பேர் இவர் சொல்லுறதைக் கேட்டு ஓடித் திரிவினம்."

"ஓம், அவன் அக்கவுண்டன் ஆகப் போறான்" என்றார் பெரியம்மா.

"ஆனால் கடுமையான வாய். திறந்தால் ஏச்சுத்தான்."

"ஐயோ, இவன் பச்சைத் தண்ணி" என்றார் பெரியம்மா.

"வலது முழங்காலிலை பலத்த அடி பட்டிருக்க வேணுமே?"

எல்லாரும் என் முழங்காலைப் பார்த்தார்கள். ஒன்பது பொருத்தம் பார்த்துச் சொன்ன மனிதரை எப்படிப் பொய்யாக்குவது? "ஓம் ஐயா, சின்னனிலை சைக்கிளாலை விழுந்தனான்" என்று நல்ல முழங்காலைத் தடவிக் காட்டினேன். கொஞ்சம் முனகவும் செய்தேன்.

"ஓரிடத்திலை ரெண்டு வருசத்துக்கு மேலை இருக்க விடாயினம். கலைச்சுப் போடுவினம்" என்று தொடர்ந்தார் சாத்திரியார். "அதோடை, ரெண்டு தாரம்."

பெரியம்மாவின் வாயருகே போன முறுக்கு அங்கேயே நின்றது. சாத்திரியார் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் வருடத்தின் பெயரைப் படித்தார். விரல் மடித்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"தம்பி, உமக்கு எத்தினை வயசு?"

"இருபத்தேழு."

தமிழ் வருடப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் திரும்பி வரும். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. "இந்தக் குறிப்பின்படி, ஒண்டில் உமக்கு ஐம்பத்திரண்டு வயசு. இல்லாட்டி நீர் பிறக்க இன்னும் எட்டு வருசம் கிடக்கு" என்றார்.

அடுக்களை வாசலில் தேநீர்க் கோப்பைகள் கிலுகிலுத்தன. வதனி தட்டோடு நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கணத்தில் பால்போத்தல் ஞாபகம் வந்தது. இனி மறைத்துப் பயனில்லை.

"அது என்ரை குறிப்பு இல்லை ஐயா. எங்கடை கிளப்புக்கு மனேஜரா வரவேணும் எண்டு நான் நினைக்கிற ஆளின்ரை. ஸ்கொட்லாந்துக்காரர். மாறிப் போட்டிட்டன்."

தில்லையம்பலத்தார் எழுந்து நின்றார். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்போகிறார் என்று தயாரானேன்.

"அந்த மொட்டையனோ?"

"ஓம் மாமா."

"மாமா எண்டு கூப்பிட இன்னும் காலம் கிடக்கு. அந்த மொட்டையனையோ நீர் மனேஜராப் போடச் சொல்லுறீர்? எங்கடை கோல் கீப்பர் இருக்க?"

மூளை உள்ள எந்த மாப்பிள்ளையும் அந்த இடத்தில், 'கோல் கீப்பர்தான் சரி, நான்தான் பிழை' என்று சொல்லியிருப்பான். நான் சொன்னது: "கோல் கீப்பருக்கு எல்லாற்றை முதுகும்தான் தெரியும்."

சண்டை நாற்பது நிமிடம் நடந்தது. அவர் நாலு வடையைப் பின்வரிசையில் நிறுத்தினார். நான் இரண்டு முறுக்கை ஓரத்தால் முன்னேற்றினேன். அவர் என் லட்டைப் பறித்துத் தன் பக்கம் வைத்தார். நான் ஒரு வடையைத் தின்று அவருடைய பின்வரிசையில் எவ்வளவு பெரிய ஓட்டை என்று காட்டினேன். கடைசியில், "உங்களுக்கு ஃபுட்போல் விளங்காது மாமா!" என்று கத்தியே விட்டேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். சாத்திரியார் மெல்லக் கேட்டார்: "அந்தக் கோல் கீப்பர் பிறந்த நேரம் ஆரிட்டையும் இருக்கோ?"

பெரியம்மா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பின்னால் தில்லையம்பலத்தாரின் குரல் வந்தது. "தம்பி, அப்ப உம்முடைய குறிப்பு எங்கை?"

"பிரிட்ஜ் கதவிலை" என்றேன்.

ரயிலில் எனக்கு அழுகை வந்தது. சாம்பார் ஷேர்ட்டை இனித் தோய்த்துவிடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்ப் பிரிட்ஜிலிருந்து தாளைக் கழற்றியபோது குணம் அண்ணை காரணம் கேட்டார். சொன்னேன். "அப்ப அந்தச் சோத்துமாடன் நீயோடா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் கீழ்மாடிக்காரர் கூரையைத் தட்டினார்கள்.

என் சொந்தக் குறிப்பு தபாலில் போனது. பத்துக்கு நாலு. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் வதனி தகப்பனிடம் சொன்னாளாம்: "அப்பா, ஒன்பது பொருந்தினவர் ஏற்கெனவே ரெண்டு தரம் கட்டிட்டார். இவர் முழங்காலைத் தவிர வேறொண்டிலையும் பொய் சொல்லேல்லை. உங்களைச் சந்தோசப்படுத்தக்கூட இவர் நடிக்கேல்லை." தில்லையம்பலத்தாருக்கும் சனிக்கிழமைகளில் சண்டை பிடிக்க ஓர் ஆள் தேவையாக இருந்திருக்க வேண்டும். அந்த ஆவணியில் கலியாணம் நடந்தது.

கிளப் ஸ்கொட்லாந்துக்காரரைத்தான் எடுத்தது. மாமாவிடம் ஒரு வருடம் மார்தட்டினேன். இரண்டு வருடம் முடிய முன்னரே அவரைக் கலைத்துவிட்டார்கள். பிறகு மாமா இறக்கும்வரை மார்தட்டினார்.

அந்த மனிதர் இப்போது மிகவும் கிழடாகிவிட்டார். எப்போதாவது தொலைக்காட்சியில் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேச வருவார். உடனே பிள்ளைகள், "அம்மா, உங்கடை ஒன்பது பொருத்தம் வந்திட்டார்!" என்று கூப்பிடுவார்கள். வதனி அடுப்பை அணைத்துவிட்டு, தலைமயிரைச் சரிசெய்துகொண்டு வந்து உட்காருவாள். போன மாதமும் வந்தார். கதிரையிலிருந்து எழும்போது வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"பாவம், அவருக்கு நோகுது" என்றாள் என் மனைவி.

எனக்கும் இப்போது வலது முழங்காலில் உண்மையாகவே நோவு. மாடிப்படி ஏற ஏலாது. வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.