எட்டாம் வார்டின் ஒரே வேட்பாளர்

பாலக்காட்டையே புரட்டிப் போட்டுவிடுவது என்று நான் தீர்மானித்தது ஒரு வியாழக்கிழமை காலை, குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டிருந்தபோது. கட்டி முடிப்பதற்குள் நகரசபைத் தேர்தலுக்கு நிற்பது என்று ஆகிவிட்டது.

எங்கள் கல்பாத்தி அக்ரகாரத்தில் என்னை இன்ஷூரன்ஸ் வெங்கிடேஸ்வரன் என்பார்கள். "படிக்க என்ன இருக்கு? இங்கே ஒரு கையெழுத்து, அங்கே ஒரு கையெழுத்து" என்று சொல்லியே இருபது வருஷம் பிழைப்பு நடத்தியவன்.

என் கொள்கைகள் நோட்டீஸாக அச்சாகி வந்தன. சாக்கடை ஆற்றில் விழக்கூடாது. தெருக் கூட்டுகிறவர்களுக்கு ஓட்டு வீடு வேண்டும். சந்தைக்குப் பின்னால் புதுக் குடியிருப்பு எழும்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், "வீட்டுக்கு வீடு காற்று! அடுக்களைக்கு அடுக்களை வெளிச்சம்!"

என் மனைவி சேஷம்மாள் நோட்டீஸை முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரை படித்தாள்.

"அடுக்களைக்கு அடுக்களைன்னா, நம்மாத்து அடுக்களையும் அதுல சேர்த்தியோ?"

எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. இந்தச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். ஜன்னல் வைத்தால் அது பக்கத்து வீட்டு அடுக்களையில்தான் திறக்கும். வெளிச்சம் வேண்டுமானால் கூரையில் கண்ணாடி ஓடு பதிக்க வேண்டும். அதை அவள் ஆறு வருஷமாகக் கேட்கிறாள். நானும் ஆறு வருஷமாக, "ஆகட்டும், பார்க்கலாம்" என்கிறேன்.

"நம்மாத்துக்கு இந்த வெளிச்சம் மதி, தாராளமாப் போறும். எனக்கெல்லாம் நன்னாத்தான் கண் தெரியறது" என்றேன்.

"நேத்திக்கு ரசத்துக்கு உப்புன்னு சர்க்கரையைப் போட்டேனே?"

"அது வெளிச்சக் குறை இல்லே, கவனக் குறை!"

அவள் நோட்டீஸை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

என் நண்பர் சுப்பராமன், வக்கீல் குமாஸ்தா, ஒரு யோசனை சொன்னார். "பரிசீலனையில உம்ம மனு தள்ளுபடியாயிடுத்துன்னா? ஆத்துக்காரி பேர்லயும் ஒரு டம்மி மனு போட்டு வையும். உம்மது தேறினதும் அவளோடதை வாபஸ் வாங்கிடலாம்." நல்ல யோசனை. சேஷம்மாள் மூன்றாவது பாரம் வரை படித்தவள். அந்த மனுவை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். ஐயோ பாவம், இது என்ன சொத்துப் பத்திரமா என்று சிரித்தேன்.

இரண்டு மனுவும் தேறின. எதிரி முத்துசுவாமி ஒருவர்தான் பாக்கி. தினமும் அவர் வீட்டுக்குப் போய் என் குடியிருப்புத் திட்டத்தை ஆதியோடந்தமாக விளக்கினேன். ஐந்தாம் நாள், இனிமேல் நான் அந்தப் படி ஏறக்கூடாது என்ற ஒரே நிபந்தனையில், அவர் வாபஸ் வாங்கிக்கொண்டார். சேஷம்மாளும் விலகிவிட்டால் நான் போட்டியின்றிக் கவுன்சிலர்! மேளக்காரரிடம் சொல்லியாகிவிட்டது.

வாபஸுக்குக் கடைசி நாள். மணி பதினொன்று. அடுக்களையில் புகை நடுவில் சேஷம்மாள் மாதிரி ஏதோ ஒன்று தெரிந்தது. அது ஒரு கடுதாசியை நீட்டியது.

"இதோ வாபஸ் கடுதாசி. நீங்க கையெழுத்துப் போடணும்."

"நானா? நீயில்லையோ போடணும்?"

"படிச்சுப் பாருங்கோ, தெரியும்."

பார்த்தேன். கடுதாசி இருக்கிறது என்பது தெரிந்தது. அதில் எழுத்து இருக்கிறது என்பதை நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொண்டேன்.

"தெரியலேன்னா கிணத்தடிக்கு எடுத்துண்டு போங்கோளேன். அங்கே நல்ல வெளிச்சமாக்கும்."

கிணற்றடிக்கா? போனால் ஆறு வருஷ வாதம் அம்பேல்! கடுதாசியை மூக்கருகே பிடித்தேன். தலையை ஆட்டினேன். உதட்டை அசைத்தேன்.

"ஆமாமா, சாட்சிக் கையெழுத்து! ஆத்துக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்னு ஸ்பஷ்டமா எழுதியிருக்கே."

"எழுதியிருக்கோ?"

"கண் தெரியறதுடி எனக்கு!"

"இன்னொரு தடவை படிச்சுப் பார்த்துடுங்கோ."

"படிக்க என்ன இருக்கு? எங்கே போடணும்?"

அவள் விரல் காட்டிய இடத்தில் கம்பீரமாகப் போட்டேன். அவளே மடித்து உறையில் வைத்துக் கொடுத்தாள்.

நகரசபை ஆபீஸில் அதிகாரி உறையைப் பிரித்துப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"சம்மதிச்சுத்தானே கொடுக்கறீங்க? வாங்கிட்டா திருப்பித் தர முடியாது."

"பூரண சம்மதம்! சட்டுனு முத்திரையைக் குத்துங்கோ, மூணு மணியோட கெடு முடியறது!"

குத்தினார். மூன்று மணிக்குப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். எட்டாம் வார்டு, போட்டியின்றித் தேர்வு: ஸ்ரீமதி சேஷம்மாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தேன். அங்கே நல்ல வெளிச்சம். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

வீட்டு வாசலில் என் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடத்தில். எனக்கு வாங்கிய மாலை சேஷம்மாள் கழுத்தில்.

"என்னை ஏமாத்திட்டேடி!"

"நானா? வாபஸ் கடுதாசின்னு சொன்னேன், என்னோடதுன்னு சொன்னேனா? படியுங்கோன்னு ரெண்டு வாட்டி சொன்னேன். கிணத்தடிக்குப் போகச் சொன்னேன்." சமையல் அலமாரியிலிருந்து இன்னொரு கடுதாசியை எடுத்துக் காட்டினாள். அவளுடைய வாபஸ். அவள் கையெழுத்தோடு, தயாராக. "நீங்க கிணத்தடிக்கு ஒரு அடி வெச்சிருந்தா இதைக் கொடுத்திருப்பேன். அடுக்களை இருட்டுன்னு ஒத்துண்டிருந்தாலே மதி."

எனக்குக் கோபம் வரவேண்டும். சிரிப்புத்தான் வந்தது. பெண்கள் எனக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள். பாழாய்ப்போன என் கொள்கைகளுக்கு இத்தனை சந்தோஷத்தை நான் எந்தக் கூட்டத்திலும் பார்த்ததில்லை.

தலையில் தூசி விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். ஓடு வேய்கிற சோலை கூரைமேல் உட்கார்ந்திருந்தான். அடுக்களை ஓடு மட்டுமல்ல, கூடத்து ஓட்டில் பாதியும் கீழே. என் சாய்வு நாற்காலிக்கு நேர் மேலே நீலவானம்.

"கண்ணாடி ஓடு வர நாலு நாளாகுமாம்" என்றாள் கவுன்சிலர்.

"அது வரைக்கும் நான் எங்கேடி இருக்கறது?"

"வீட்டு வசதி வேணும்னு மனு எழுதிக் கொடுங்கோ. படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."