பாட்டன் பல்

இருபத்தைந்து கோடி வருஷம் கல்லுக்குள் பத்திரமாக இருந்த பல், சாரெலின் தொண்டைக்குள் இறங்க அரை விநாடிகூட ஆகவில்லை.

"என்னண்ணே, முழி பிதுங்குது?" என்றாள் மக்ரீட்டா. கரூ என்கிற வறண்ட பொட்டல் வெளியின் நடுவே இருந்த அந்தச் சின்ன அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிப்பது, தரை துடைப்பது, காபி போடுவது எல்லாமே அவள்தான். "புரொபசரம்மா ஒரு மணி நேரத்துல வந்துடுவாங்கன்னுதானே கத்தினேன்? அதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"முழுங்கிட்டேன்."

"எதை?"

"பல்லை."

"உங்க பல்லையா?"

"பாட்டன் பல்லைடி!"

மக்ரீட்டா கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

பாட்டன் என்பது மேஜைமேல் இருந்த மண்டையோடு. நரித்தலை அளவு இருக்கும். மனுஷன், ஆடு, நரி, எலி என்று தாய்ப்பால் குடிக்கிற அத்தனை ஜென்மங்களுக்கும் அதன் வகையறாதான் முன்னோர் என்பதால் சாரெல் அதற்கு வைத்த செல்லப்பெயர் அது. பதினாலு மாதம் ஊசியும் கையுமாக உட்கார்ந்து, கல்லைத் துளித்துளியாகச் சுரண்டி அதை வெளியே எடுத்திருந்தார். இன்று காலை தாடையிலிருந்து பட்டாணி அளவில் ஒன்று உதிர்ந்தது. பல்லா, கல்லா என்று தெரியவில்லை. கரூவில் கல் பொறுக்குகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். எலும்பும் பல்லுமானால் நாக்கில் ஒட்டும், வெறும் கல் ஒட்டாது.

ஒட்டியது. அந்த நேரம் பார்த்து மக்ரீட்டா கத்தினாள். போயே போச்சு.

இத்தனைக்கும் அவர் தலைக்கு நேர் மேலே புரொபசர் எல்சபே மாட்டச் சொன்ன பலகை தொங்கியது. 'இங்கே எதையும் நக்கக் கூடாது.' பெரிய படிப்பு படித்தவர்களுக்கு எல்லாமே அசிங்கம் என்று ஊரே அதைப் பார்த்துச் சிரிக்கும்.

"போனது போகட்டும்ணே. மத்த பல்லெல்லாம் இருக்குல்ல?"

"அந்த ஒத்தைப் பல்லுலதான்டி எல்லாமே! அது வேற மாதிரி இருந்தாத்தான் இது புது மிருகம். புது மிருகமாயிருந்தாத்தான் என் பேரை வைப்பாங்க."

சாரெல் வம்சத்தில் கல்லறைக் கல்லைத் தவிர வேறெங்கும் யார் பேரும் பொறித்ததில்லை. ஒரு மிருகத்துக்கே தன் பேர் வரப் போகிறது என்று அவர் ஆறு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

கைப்பேசி அடித்தது. மனைவி லேனி.

"இந்தாங்க, கேக்குல உங்க பேரை எழுதியாச்சு. சபையில அத்தனை பேருக்கும் சொல்லிட்டேன். அஞ்சு மணிக்கு வர்றாங்க. எங்கக்கா மூஞ்சியை இன்னிக்குத்தான் பார்க்கணும்!"

"லேனி..."

"நல்ல சட்டையைப் போட்டுக்குங்க," என்று வைத்துவிட்டாள்.

மக்ரீட்டா ஒரு சொம்பு தண்ணீரில் கைப்பிடி உப்பைக் கரைத்து வந்தாள். குடித்தார். காலையில் சாப்பிட்ட மக்காச்சோளக் களி வந்தது, நேற்று ராத்திரி ஆட்டுக்கறிகூட வந்தது, பல் வரவில்லை.

"மேல வரலைன்னா கீழ வரட்டும்," என்று விளக்கெண்ணெய்ப் பாட்டிலை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டிலையும் குடித்தார்.

"எப்ப வேலை செய்யும்?"

"சாயங்காலம் ஆகும்."

"அடிப்பாவி! அவங்க இன்னும் முக்கால் மணி நேரத்துல வர்றாங்க!"

யோசித்து யோசித்து மக்ரீட்டா கொல்லைப்பக்கம் ஓடினாள். போன வறட்சியில் செத்த கறுப்புத்தலை ஆட்டுக்குட்டியின் மண்டை ஒன்று வேலியோரம் கிடந்தது. பல் ஒன்றைப் பிடுங்கி வந்து மேஜைமேல் வைத்தாள்.

"பாவம்டி," என்றார் சாரெல்.

"வெறும் பல்லு தானேண்ணே. ராத்திரி நிஜப் பல்லு வந்ததும் கழுவி மாத்திடலாம்."

அந்த வாக்கியத்தை நினைத்துப் பார்க்காமல் இருக்க சாரெல் அரத்தைக் கையில் எடுத்தார். எந்த அச்சில் தேய்ப்பது? எதிர்ச்சுவரில் ஒரு பெரிய படம் இருந்தது. முப்பது வருஷம் முன்னால் புரொபசர் எல்சபே கண்டெடுத்து, அவர் பேரையே தாங்கி நிற்கிற மிருகம். அதன் பல்லைத்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். அச்சை அதிலிருந்து எடுத்து, நுனியை மட்டும் கொஞ்சம் வேற மாதிரி ஆக்கிவிடலாம் என்று தேய்க்க ஆரம்பித்தார்.

"அதிகம் தேய்க்க வேண்டாம் போலிருக்கேண்ணே. இப்பவே அச்சு அசல் அப்படித்தான் இருக்கு," என்றாள் மக்ரீட்டா.

"எல்லாம் ஒரே வம்சம்தானே, இருக்கத்தான் செய்யும்," என்றார் சாரெல், தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு. காபித்தூளில் புரட்டி நிறம் ஏற்றி, பசை வைத்து ஒட்டினார். வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

புரொபசர் எல்சபே குச்சி மாதிரி நெட்டையான மனுஷி. பின்னால் அவருடைய டிரைவர் கொபானோ, பிளாஸ்கும் பையுமாக வந்தார். அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டுகிறவர்.

"வாழ்த்துக்கள் சாரெல்! பார்த்துடலாமா?" என்று புரொபசர் பூதக்கண்ணாடிமேல் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து விளக்கெண்ணெய் சொன்ன சொல்லை மீறியது. சாரெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"ரொம்ப உணர்ச்சிவசப்படுறார்," என்று மக்ரீட்டா சமாளித்தாள்.

பத்து நிமிஷம் கழித்துச் சாரெல் வெறுங்கையோடு திரும்பியபோது புரொபசர் இன்னும் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"கதவைச் சாத்துங்க," என்றார். "யாராவது இதைப் போட்டோ எடுத்தாங்களா?"

"இல்லைம்மா."

"உங்க மிருகத்தோட பல்லு மாதிரியே இருக்குல்லம்மா? ரெண்டும் சொந்தமா இருக்கும்!" என்று மக்ரீட்டா உற்சாகமாக உளறினாள்.

"நீ கொஞ்சம் வாயை மூடும்மா!"

அந்த அதட்டலைக் கேட்டதும் சாரெல் கணக்குப் போட்டுவிட்டார். கேக் போச்சு, பேர் போச்சு, வேலையும் போச்சு. ஆனாலும் பதினாலு மாதம் பாட்டனோடு உட்கார்ந்தவருக்கு அதன் வாயில் ஆட்டுப்பல்லைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அம்மா, மன்னிச்சிடுங்க. அது பாட்டன் பல்லில்லை. நிஜப் பல்லை நாக்குல வெச்சுப் பார்த்தேன், முழுங்கிட்டேன். இது ஆட்டுப்பல்லு. என் பேரை வைக்க வேண்டாம். தயவு செஞ்சு போலீசுக்குச் சொல்லிடாதீங்க, லேனி தாங்க மாட்டா."

புரொபசர் அவரை வெறித்துப் பார்த்தார். திட்டுவார் என்று சாரெல் தலையைக் குனிந்துகொண்டார்.

"எந்த ஆடு?" என்றார் புரொபசர்.

"அம்மா?"

"என்ன சாதி ஆடுன்னு கேக்குறேன்!"

"கறு... கறுப்புத்தலை ஆடும்மா."

புரொபசர் கண்ணை மூடிக்கொண்டார். "அதேதான்," என்று முணுமுணுத்தார். சுவரிலிருந்த படத்தை ஒரு தடவை பார்த்தார், மேஜைக்கு மேலே தொங்கிய பலகையை ஒரு தடவை பார்த்தார். பிறகு தட்டுத் தடுமாறி வெளியே போய்க் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

சாரெல் நாற்காலியில் சரிந்தார். அழுகை வந்தது, வயிறும் மறுபடி கலக்கியது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

கொபானோ மட்டும் நிதானமாகப் பிளாஸ்கைத் திறந்து ஒரு கப் காபி ஊற்றி, அவர் கையில் கொடுத்தார்.

"அழாதீங்க அண்ணே, உங்க பேரைக் கண்டிப்பா வெச்சிடுவாங்க," என்றார். "முப்பது வருஷம் முன்னாடி அந்தம்மா முழுங்கின பல்லுக்குப் பதிலா ஒட்டினதே எங்க வீட்டுக் கறுப்புத்தலைக் குட்டி பல்லுதானே!"