மைமு பார்க்கக் கூடாத சிவப்பு விளக்கு

அந்தச் சிவப்பு விளக்கு எரிவதை மைமு மட்டும் பார்த்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்டெல் எடுத்த மாபெரும் தீர்மானம் இதுதான்.

காரணம் இருந்தது. அவனுடைய இருபத்தாறு வயது நீலக் கார் போன இலையுதிர் காலத்தில் மூன்று முறை நடுரோட்டில் படுத்துக்கொண்டது. மூன்றாம் முறை, கொட்டுகிற மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே அவன் மனைவி மைமு நிதானமாகச் சொன்னாள்: "இன்னொரு தடவை இது மக்கர் பண்ணுச்சுன்னா நேரா காயலான் கடைதான்." சொன்னால் செய்கிறவள். அன்றிலிருந்து எண்டெல்லுக்குச் சரியான தூக்கம் இல்லை.

இத்தனைக்கும் மைமு அந்த ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவள். என்ஜின் லேசாக இருமினாலே என்ன வியாதி என்று சொல்லிவிடுவாள். எண்டெல் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவன். ஆனாலும் பத்தொன்பது வருடமாக அந்தக் காரின் ஸ்டீயரிங்கையோ பானெட்டையோ அவளைத் தொட விட்டதில்லை. பஸ் உன்னுடையது, கார் என்னுடையது என்பது அவன் போட்ட சட்டம்.

இப்போது வந்திருப்பதோ பிடி கொடுக்காத வியாதி. பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லும் சிவப்பு விளக்கு திடீரென்று எரியும். பானெட்டைத் திறந்தால் அணைந்துவிடும், டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகிற பிள்ளை மாதிரி. எண்டெல் பெல்ட்டை இறுக்கினான். பேட்டரி முனைகளைச் சுரண்டினான். டைனமோவைச் சுத்தியல் பிடியால் செல்லமாகத் தட்டினான். நோட்டில் குறிப்பும் எழுதினான்: 'செவ்வாய், பனி, எரிந்தது. புதன், பனி, எரியவில்லை. வியாழன், வெயில், என் இஷ்டம் என்றது.'

வெள்ளிக்கிழமை ஞானம் பிறந்தது. விளக்கு இருந்தால்தானே எரியும். டாஷ்போர்டைக் கழற்றி, அந்தக் குட்டி பல்பைப் பிடுங்கி, வேலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை மைமுவின் அக்கா லெய்டாவுக்குப் பிறந்தநாள். அவள் வீடு எதிரே தீவில். கடல் கெட்டியாக உறைந்து, அதன்மேல் வண்டி போகும் ஐஸ் ரோடு திறந்தாகிவிட்டது. பத்து கிலோமீட்டர். மைமு ஒரு கையில் கிரிங்கிள் என்ற பிறந்தநாள் இனிப்பு ரொட்டியும் மறு கையில் பச்சைக் கோடு போட்ட சின்ன மெத்தையுமாக வந்து ஏறினாள்.

"மெத்தை எதுக்கு?"

"உட்காரத்தான். அக்கா வீட்டு நாற்காலி உனக்குத் தெரியாதா?" என்றவள் டாஷ்போர்டைப் பார்த்தாள். "சாவி போட்டதும் இங்க செவப்பா ஒண்ணு எரிஞ்சு அணையுமே. எங்க காணோம்?"

எண்டெல் அவசரமாகக் கியரைப் போட்டான். "குளிருக்கு எரியாது."

"பஸ்ல எரியுதே."

"பஸ் வேற, கார் வேற."

"ரொம்ப சரி" என்றாள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாள் என்பதிலேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

கரையில் காவலாளி வண்டியை நிறுத்தினார். "சீட் பெல்ட்டைக் கழட்டிடுங்க. ஐஸ் ஒடைஞ்சுச்சுன்னா குதிக்கணும். இருபத்தஞ்சுக்குக் கீழ போங்க, இல்ல நாப்பதுக்கு மேல போங்க. நடுவுல போனா அடியில அலை கெளம்பி ஐஸைப் பொளந்துடும். எங்கயும் நிக்காதீங்க. நின்ன எடம் அமுங்கும்."

"தப்பித்தவறி நின்னுட்டா?"

"வண்டி நல்லாத்தானே இருக்கு? ஏன் நிக்கணும்?" என்றார் அவர்.

எண்டெல் இருபதில் உருட்டினான். சிகரெட் லைட்டர் ஓட்டையில் ரகசியமாக, வோல்ட் காட்டும் ஒரு மீட்டர் செருகி வைத்திருந்தான். பதினாலு காட்டினால் சார்ஜ் ஏறுகிறது. பன்னிரண்டு என்றால் பேட்டரி இருக்கிறதைத் தின்று தீர்க்கிறது. மீட்டர் பன்னிரண்டரை காட்டியது. இரண்டாவது கிலோமீட்டரில் பன்னிரண்டே கால். இதற்கு முன் விட்டு விட்டு வந்த வியாதி இன்று விடாமல் பிடித்துக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் வெள்ளை. கீழே கடல்.

ஹீட்டரை அணைத்தான்.

"ஏன் குளிருது?"

"நல்ல காத்து வரட்டும்னு."

ரேடியோவை அணைத்தான். வைப்பரை அணைத்தான். முகப்பு விளக்கையும் அணைத்தான்.

"எதிர்ல வர்றவனுக்கு நாம தெரிய வேண்டாமா?"

"நாம என்ன சின்ன வண்டியா?"

நாலாவது கிலோமீட்டரில் சக்கரத்துக்கடியில் ஏதோ நீளமாக முனகியது. மீட்டர் பன்னிரண்டு. எண்டெல் உடைந்துபோனான்.

"மைமு, கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுக்கோ. வண்டி நின்னுடப் போகுது. சார்ஜ் ஏறல. ரெண்டு வாரமா வெளக்கு எரிஞ்சுது. நீ பாக்கக் கூடாதுன்னு பல்பைப் பிடுங்கிட்டேன்."

"ம்."

"டைனமோவை உன் கல்யாண மேசைவிரிப்புலதான் தொடச்சேன்."

"ம்."

"போன தடவை மழையில தள்ளினோமே, அது ரிப்பேரே இல்ல. பெட்ரோல் போட மறந்துட்டேன்."

மைமு மெதுவாகத் திரும்பினாள். "அது மட்டும் எனக்குத் தெரியாது."

எண்டெல்லுக்கு ஐஸைவிட அந்தப் பார்வைதான் அதிகம் பயமாக இருந்தது. "அப்ப மத்ததெல்லாம்?"

அவள் கோட்டுப் பையிலிருந்து குட்டி பல்பை எடுத்துக் காட்டினாள். "நேத்து உன் சட்டையைத் தொவைக்கப் போட்டப்ப கெடைச்சுது. நீ நூலகத்துல இருந்தப்ப டைனமோவைக் கழட்டிப் பாத்தேன். உள்ள உரசுற கார்பன் கட்டை தேஞ்சு போயிருந்துச்சு, அதான் தொட்டும் தொடாமலும் இருந்திருக்கு. மாத்திட்டேன். பேட்டரியையும் பஸ் ஷெட்டுல வெச்சு முழுசா சார்ஜ் போட்டேன். இன்னும் ரெண்டு தடவை போய் வரலாம்."

"அப்ப ஏன் பதினாலு காட்டல?"

"இந்த மாதிரிப் பழைய வண்டியில டைனமோவை எழுப்பற கரண்ட்டே அந்த பல்பு வழியாத்தான் போகும். நீ அதைப் பிடுங்கிட்டு நத்தை மாதிரி உருட்டினா அது எப்படி முழிக்கும்? செகண்ட் கியர் போட்டு மிதி. நாப்பத்தஞ்சு வரட்டும்."

கண்ணை மூடிக்கொள்ளலாம்போல இருந்தது. மிதித்தான். என்ஜின் கத்தியது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து. மீட்டர் ஒரு துள்ளு துள்ளிப் பதினாலில் போய் நின்றது. ஹீட்டரை மைமுவே போட்டாள்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டான்.

"வீட்டுல கேட்டா நீ ஒத்துக்குவியா? இங்கதான் உன்னால எறங்கி ஓட முடியாது."

தீவின் கரை ஏறியதும் அவன் வண்டியை நிறுத்தினான். "காயலான் கடைதானா, மைமு?"

"நல்லா ஓடற வண்டியை யாராவது ஒடைக்கப் போடுவாங்களா? எறங்கு, பல்பை மாட்டணும்."

எண்டெல்லுக்கு உயிர் திரும்பி வந்தது. குதித்து இறங்கினான். பல்பை மாட்டிவிட்டு அவள் எழுந்தபோதுதான் அந்தப் பச்சைக் கோடு போட்ட மெத்தையை எங்கே பார்த்தோம் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது. பஸ்ஸில், ஓட்டுநர் சீட்டில். அவள் அதைக் காரின் ஓட்டுநர் சீட்டில் போட்டு, இரண்டு தட்டுத் தட்டி உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் இருந்த கிரிங்கிளை அவன் கையில் கொடுத்து, "ரொட்டி நசுங்காம பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் ஏறு" என்றாள்.