குவாயாகிலுக்கு ஐம்பது நிமிடம்

தலைநகர் கித்தோவின் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் ஃபௌஸ்டோவுக்கு நாட்டிலுள்ள எல்லா ஊர்களின் தூரமும் தலைகீழ்ப் பாடம். குவாயாகில் நானூற்று இருபது கிலோமீட்டர், எட்டு மணி நேரம். பதினாறு வருடமாக இதையே சொல்லிச் சொல்லி, வீட்டில் மனைவி சோய்லாவுக்கும் மனப்பாடமாகியிருந்தது.

அந்த எட்டு மணி நேரத்தைத்தான் அவன் நம்பினான். சனிக்கிழமை பகலில் குவாயாகிலில் அவனுடைய கால்பந்து அணிக்கு இறுதிப் போட்டி. விமானத்தில் ஐம்பதே நிமிடம். காலையில் பறந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. ஒரே பகலில் ஒருவன் குவாயாகில் போய்வருவான் என்று சோய்லாவுக்குக் கனவிலும் தோன்றாது.

செவ்வாய்க்கிழமை முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"அம்பாத்தோவுல செகுண்டோ மாமாவுக்கு உடம்பு சரியில்லையாம். சனிக்கிழமை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். போக மூணு மணி, வர மூணு மணி."

"பாவம். என்ன பண்ணுதாம்?"

"முழங்கால் வலி."

"போன தடவை இடுப்புன்னீங்க."

"இறங்கிடுச்சு."

சோய்லா சிரிக்கவில்லை. "போயிட்டு வாங்க. நான் அக்காகூட இருந்துக்கறேன்."

சனிக்கிழமை வாழ்க்கையில் முதல்முறையாக விமானம் ஏறினான். சட்டைக்குள் அணியின் பனியன். சக்கரம் தரையை விட்டதும் ஜன்னலோடு முகத்தை ஒட்டிக்கொண்டான். ஜன்னலில் சிம்போராசோ பனிமலை வந்து நின்றபோது பக்கத்து இருக்கைக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டான்.

"சார், பாருங்க சார். பஸ்ஸுல இந்த மலையைச் சுத்தவே ரெண்டு மணி நேரம்."

"ரெண்டே கால்," என்றது முன் இருக்கை.

அணியின் பனியனோடு சோய்லா திரும்பிப் பார்த்தாள்.

"மாமாவுக்கு எப்படி இருக்கு?"

"நீ... அக்காகூட இருக்கேன்னு..."

பக்கத்தில் இருந்த அக்கா கையாட்டினாள்.

ஆட்டத்தை அக்காவும் தங்கையும் நிழலில் உட்கார்ந்து பார்த்தார்கள். அவன் வெயிலில் வெந்துகொண்டு பார்த்தான். கடைசி நிமிட கோலில் அணி ஜெயித்தது. முன்பின் தெரியாத நாலு பேரைக் கட்டிப்பிடித்துவிட்டு வெளியே ஓடிவந்தான். அவனைப் போலவே கத்திக் கத்திக் குரல் போய் நின்ற சோய்லாவைப் பார்த்ததும், எல்லாம் மன்னிக்கப்பட்டது என்றே நினைத்தான்.

"வா, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு."

"எங்களுக்கு நேரமாச்சு. நீங்க மாமாவைப் பார்க்கணுமே. அம்பாத்தோ ரொட்டி கொண்டு வருவீங்கன்னு எங்கம்மாகிட்ட வேற சொல்லிட்டேன். வெறுங்கையோட வந்து என்னைப் பொய்க்காரி ஆக்கிடாதீங்க."

"சோய்லா, இங்கேருந்து அம்பாத்தோ ஆறு மணி நேரம்."

"தெரியும்."

அவர்கள் பறந்தார்கள். வெற்றிக் கூட்டம் அடைத்த பேருந்து நிலையத்தில் அவனுக்குக் கிடைத்தது கடைசி வண்டியில் கடைசி இருக்கை. இடுப்பும் முழங்காலும் நிஜமாகவே வலிக்க, ஞாயிறு காலை ஏழு மணிக்கு மாமா வீட்டுக் கதவைத் தட்டினான்.

திறந்த மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏன்டா லேட்டு? ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் நீ வந்துடுவேன்னு சோய்லா புதன்கிழமையே போன் பண்ணிச் சொன்னாளே."