சர்வர் போட்ட திருவிழா வேலை

என் வீட்டுக்காரர் இந்திரகுமார் கஹவத்தை டவுனில் போனும் இன்டர்நெட்டும் உள்ள கொமியுனிகேஷன் கடை வைத்திருக்கிறார். எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே வெப்சைட் எழுதத் தெரிந்த ஒரே ஆள். எனக்குப் பெருமைதான். அவருக்கு அதைவிடப் பெருமை.

இந்த வருஷம் கோவில் திருவிழா வேலைகளைக் கம்பியூட்டரில்தான் பிரிப்பேன் என்று சொல்லிவிட்டார். கம்பியூட்டரும் என்னைச் சமையல் கொட்டகைக்கே அனுப்பினால்? கலியாணம் முடித்து வந்ததிலிருந்து நான் தேரைக் கண்டதில்லை. தேர் எங்கள் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி வரும்போது நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருப்பேன். மேளச் சத்தம் மட்டும் வரும்.

கடைக்குப் பகல் சோறு கொண்டுபோனபோது கேட்டேன், தேர் முன்னால் ஆரத்தித் தட்டு எனக்குத் தரக்கூடாதா என்று. பொம்பளைகள் இல்லாமல் சமையல் நடக்குமா என்றார்.

பிறகு தன் வித்தையைக் காட்டினார். திரையில் பேர், லயம் என்று இரண்டு பெட்டிகள். நிரப்பிப் பட்டனை அமத்தினால், பெட்டியின் பேரையும் உள்ளே எழுதியதையும் பிரவுசர் சோடி சோடியாக அனுப்புமாம். அங்கே சர்வர் என்கிற கம்பியூட்டரில் ஆளுக்கொரு ஒப்ஜெக்ட் பிறக்குமாம், அலுமாரி மாதிரி. அதற்குள் அறைகள். வருவதெல்லாம் தன் பேருள்ள அறையில் தானாகப் போய் உட்காருமாம்.

"மடுவத்துல கொழுந்த நிறுத்து அவங்கவங்க பேருல போடற மாதிரி. நான் ஒண்ணொண்ணா எடுத்து வைக்கத் தேவையில்ல."

"அப்ப வேலை?"

"அதுக்கு டியூட்டின்னு உள்ளுக்க ஒரு அறை இருக்கு. திரையில பெட்டி கெடையாது. காலியா இருந்தா நான்தான் நிரப்புவேன்."

"பெட்டி இல்லாமலே யாராச்சும் அந்தப் பேருல அனுப்பினா?"

"ஒனக்கு இதெல்லாம் வெளங்காது, புஷ்பம்."

கை கழுவப் போனவர், பக்கத்துக் கடை சாலி நானாவோடு பேச நின்றுவிட்டார். நான் என் பேரையும் லயத்தையும் நிரப்பி அமத்தினேன். திரையின் உச்சியில், வெப்சைட் விலாசம் வரும் இடத்தில், ஒரு நீட்டு வரி. நான் எழுதியதெல்லாம் அதில் சோடி சோடியாக நின்றது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்ட எனக்குத் தெரியும். வரியின் கடைசியில் டியூட்டி என்று சேர்த்து, தேர் ஆரத்தி என்று போட்டுத் திரும்ப அனுப்பினேன். இவர் தன் பேரை இன்னும் பதியவில்லை. பாவம், அதையும் நானே பதிந்துவிட்டேன்.

வேலை பிரிக்கிற அன்று கோவிலில் தலைவர் காத்தமுத்து கற்பூரம் கொளுத்தினார். கற்பூரம் எரிய வாசித்த வேலையை எங்கள் தோட்டத்தில் யாரும் மாற்றுவதில்லை. என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்துத் திரையைப் பார்த்து மளமளவென்று வாசித்தார்.

"புஷ்பம், தேர் ஆரத்தி."

நின்றார். அடுத்த வரியைக் குனிந்து கிட்டப் பார்த்தார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"இந்திரகுமார்..." குரல் இறங்கிவிட்டது. "சமையல்."

எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அவர் சொன்னபடியே எல்லாம் தன் தன் அறையில் போய் உட்கார்ந்திருந்தது.

தேரன்று தட்டோடு முன்னால் நடந்தேன். சாமி அவ்வளவு அழகு. ஆனாலும் மனசில் பாதி கொட்டகையில்தான். உப்புப் போட்டாரோ என்னவோ. இந்த வருஷம் நான் கேட்டு, தேரைக் கொட்டகை வாசலில் நிறுத்தினார்கள். இவர் கத்தியோடு வெளியே வந்து கும்பிட்டார். கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது.

"என்னா பக்தி பாருங்க," என்றார் காத்தமுத்து.

நான் இவர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, காதோடு கேட்டேன்.

"வெங்காயம் இன்னும் எவ்வளவுங்க இருக்கு?"