தூக்கத்துக்கு ஓர் எரிமலை

மத்தியானத் தூக்கத்துக்காக ஓர் எரிமலையையே துணைக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். என் நிலைமையில் நீங்களும் கூப்பிடுவீர்கள்.

என் பெயர் அனியே, ரொட்டி சுடுகிறவன். ஊர் தூங்கும்போது எனக்கு அடுப்பு. ஊர் விழித்திருக்கும்போது எனக்குத் தூக்கம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பால்கனியில் கட்டிலைப் போட்டுப் படுத்தால், கடல்காற்று வந்து கண்ணை மூடிவிடும். அந்த இரண்டு மணி நேரம்தான் என் ராஜ்ஜியம். அந்த ராஜ்ஜியத்தின் மேல் தினமும் ஒரு கூடை இறங்கும்.

கூடைக்கயிற்றின் மறுமுனையில் என் மாமியார் டோனா எர்மினியா. நாங்கள் முதல் மாடி, அவர் ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் படியிறங்குவார். மற்ற நாளெல்லாம் கூடைதான், அதில் ஒரு மணி. எரிமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் எர்க்கொலானோவில் கூடை இறங்காத பால்கனி இல்லை. ஆனால் மற்றவர்கள் கூடை கடைச்சாமான் வாங்கத் தெருவுக்குப் போகும். இவர் கூடை நேராக என் மூக்கின் மேல் வந்து உட்காரும். டிங்! எலுமிச்சம்பழம் இரண்டு வேண்டும். டிங்! ரேடியோவுக்கு பேட்டரி. டிங்! ஒரு சீட்டு: ‘மாப்பிள்ளை, தூங்குகிறீர்களா?’

மலையை விட்டுத் தள்ளி இருக்கும் பெனவெந்தோவில் என் பெரியப்பா மகன் பேக்கரி வைத்திருக்கிறான். வேலைக்கு வா, வீடும் தருகிறேன் என்கிறான். மாமியாரோ செத்தாலும் இந்த ஊரை விடமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தவர். ஆக, நாங்கள் போனால் கூடை பின்னால் வராது. ஆனால் என் மனைவி அசுந்தா அசைய வேண்டுமே. வியாழக்கிழமை மெல்ல ஆரம்பித்தேன்.

“அசுந்தா, மலைக்கு இவ்வளவு பக்கத்துல இருக்கோமே, பயமா இல்ல உனக்கு?”

“நாப்பது வருஷமா ஜன்னல்ல நிக்குது. உன்னைவிட அமைதி.”

“அமைதியா இருக்கறதுதான் ஆபத்து!”

“அதான் நான் எப்பவும் சத்தமாவே இருக்கேன். உனக்கு ஆபத்து வரக்கூடாதுல்ல.”

பேச்சில் இவளை ஜெயிக்க முடியாது. கண்ணால் பார்த்தால்தான் பயம் வரும்.

“ஞாயித்துக்கிழமை இடிஞ்ச ஊருக்குப் போய்ட்டு வரலாமா? மாசத்து முதல் ஞாயிறு, டிக்கெட் கிடையாது. பக்கத்துலயே இருந்துட்டு ஒரு தடவைகூட பாத்ததில்ல.”

அசுந்தா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தினாள். கூரையை ஒருமுறை பார்த்தாள்.

“போலாமே. அம்மாவும் வரட்டும்.”

“அவங்களுக்கு முட்டிவலி...”

“பூசைக்கு இறங்கத்தானே போறாங்க. அப்படியே கூட்டிட்டுப் போய்டலாம்.”

சரி, தாயும் மகளுமாகப் பயந்தால் எனக்கு இன்னும் நல்லதுதான் என்று நினைத்தேன். எனக்கு யோசனை வந்தால் இப்படித்தான், அரைகுறையாக வரும்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் மலை வெடித்துப் புதைத்த அந்த இடிந்த ஊர் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. அதற்கு அசுந்தா கட்டிய மூட்டையோடு அமெரிக்காவுக்கே கப்பல் ஏறலாம். மக்ரோனியும் முட்டையும் சேர்த்துச் சுட்ட அடை, பொரித்த கத்தரிக்காய், ஒரு பாட்டில் வைன், மாமியாருக்குக் குடை, விசிறி, தலையணை. மூன்றும் மாமியாருக்கு, தூக்கியது நான்.

பள்ளத்துக்குள் பழைய ஊர் வெயிலில் கிடந்தது. சுற்றிலும் விளிம்பில் எங்கள் ஊர்க்காரர்களின் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கீழே சத்தமே இல்லை. கரியாய்ப்போன ஒரு மரக்கட்டிலைப் பார்த்ததும் எனக்கு ஏக்கமாக இருந்தது. இரண்டாயிரம் வருஷமாக யாரும் தொந்தரவு செய்யாத கட்டில்.

பழைய கடற்கரைக்கு அழைத்துப் போனேன். படகு நிறுத்தும் அறைகளுக்குள், ஓடி வந்தவர்கள் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு எலும்பாகக் கிடந்தார்கள். ஒருத்தி குழந்தையை அணைத்துப் பிடித்திருந்தாள். நாடகம் போட வந்த நானே நிஜமாகத் தொப்பியைக் கழற்றினேன். ஆனாலும் காரியம் முக்கியம்.

“பாத்தியா? இவங்களும் மலையை நம்பினவங்கதான்.”

“பாவம்,” என்றாள் அசுந்தா. “ஏன் அனியே, ஓடி வந்தவங்க கதியே இது. மாடியில இருந்தவங்க?”

“மாடியா? அதுவும் மேல்மாடியா? அவ்வளவுதான்! படி இறங்கறதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும்.”

“கொஞ்சம் சத்தமா சொல்லு. காத்துல கேக்கல.”

“மேல்மாடிக்காரங்களுக்கு வழியே இல்ல!”

“வயசானவங்களா இருந்தா?”

“மொத ஆளே அவங்கதான்!”

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். முகத்தில் ஈ ஆடவில்லை. அசுந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் என்று மனசுக்குள் மத்தளம் கொட்டியது.

மேலே ஏறி வந்து, பள்ளத்தைப் பார்த்தபடி மரநிழலில் சாப்பிட்டோம். வைன் உள்ளே போனது. வெயில் வெளியே நின்றது. அப்படியே பெஞ்சில் சாய்ந்தேன்.

கனவில் பழைய ஊர் முழுசாக எழுந்து நின்றது. மலை உச்சி வரைக்கும் திராட்சைக்கொடி. அந்தக் கரிக்கட்டில் புது மரமாக மணந்தது, நான் அதில் படுத்திருந்தேன். முற்றத்துத் தொட்டியில் மெதுவாகத் தண்ணீர் விழுந்தது. யாரோ விசிறினார்கள். மாமியார் என்ற சொல்லே இன்னும் பிறக்காத காலம் அது. வானம் மட்டும் பெரிசாக, நீலமாக இருந்தது. வாழ்க்கையில் அப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை.

கண் விழித்தபோது நிஜமாகவே விசிறிக்கொண்டிருந்தார்கள். என் மாமியார்!

“மாப்பிள்ளைக்கு என் உசிர் மேல இவ்வளவு அக்கறைன்னு தெரியாமப் போச்சே,” என்றார் கண்ணீரோடு.

“முடிவு பண்ணிட்டோம் அனியே,” என்றாள் அசுந்தா. “இனிமே இப்படி இருக்கக்கூடாது. வீடு மாத்தறோம்.”

“பெனவெந்தோவுக்கா?” துள்ளி உட்கார்ந்தேன்.

“அங்க எதுக்கு? அஞ்சாவது மாடியிலேருந்து முதல் மாடிக்கு. அம்மா நம்ம வீட்டுக்கு வந்துடறாங்க. நீதானே சொன்ன, மேல்மாடிக்காரங்களுக்கு வழியே இல்லன்னு? ஒரு வருஷமா நான் கெஞ்சறேன், அம்மா அசையல. நீ ஒரே நாள்ல சாதிச்சுட்ட.”

“நம்ம வீட்டுல... எந்த ரூம்?”

“பால்கனி ரூம்தான். அவங்களுக்குக் காத்து வேணும்ல.”

மலை எதிரே சும்மா நின்றது. வாயே திறக்கவில்லை.

பிறகு மெல்ல ஒரு நினைப்பு வந்தது. ஐந்தாவது மாடி காலியாகிவிடுமே! அங்கே கடல் இன்னும் அகலம், காற்று இன்னும் குளிர்ச்சி. அதற்கு மேலே மாடி கிடையாது. ஆகாயத்துக்குப் பக்கத்தில் நானும் என் கட்டிலும். கண் தானாகச் சொருகியது.

“அசுந்தா,” என்றேன் குழைந்து, “அந்த மேல் வீட்டுச் சாவியை எங்கிட்ட கொடுத்து வையேன்.”

“அதை என் தம்பிகிட்ட கொடுத்துட்டேனே. பாவம், டிரம்ஸ் அடிச்சுப் பழக இடமில்லாம அலைஞ்சான்.”

“எப்போ கொடுத்த?”

“நீ இங்க வரலாம்னு சொன்ன மறுநாளே, வெள்ளிக்கிழமை.”